எலுமிச்சையை இப்போது வெட்டாதே

சரவணா,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய செய்தியைக் காட்ட உன் அம்மா மாடிக்கு ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்றால் நீ நம்பமாட்டாய், முட்டிவலிக்காரி, ஆனால் வந்தாள். என் போன் எப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. உன்னிடமிருந்து ஏதாவது வந்தால் முதலில் அவள் பார்க்க வேண்டுமாம். "அப்பா, எலுமிச்சை மரத்தை எப்ப, எப்படி வெட்டணும்?" என்று இருந்தது. அவ்வளவுதான். சித்திரையிலிருந்து உன்னிடமிருந்து வந்ததெல்லாம் "சரிப்பா", "வேலையா இருக்கேன்", "அப்புறம் கூப்பிடறேன்" என்ற மூன்று வகைதான். நீ எங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறாய் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. "கேட்டிருக்கான் பாருங்க, கேட்டிருக்கான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்குச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். நானும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எப்படி என்று எனக்குத் தெரியும். நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா, புரிஞ்சுதுப்பா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கண்ணெதிரே கிடக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து மைன்ஸில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிக் கெட்டுப்போன கையெழுத்து. புரியாத இடத்தில் புவனாவிடம் கொடு, அவள் படித்துவிடுவாள்.

முதலில் எப்போது என்பதைச் சொல்கிறேன். பூவும் பிஞ்சும் இருக்கும்போது எலுமிச்சையைத் தொடக் கூடாது. மழை பெய்துகொண்டிருக்கும்போதும் தொடக் கூடாது, வெட்டிய இடத்தில் ஈரம் இறங்கி அழுகல் பிடித்துவிடும். கொளுத்தும் வெயிலிலும் வேண்டாம். உள்ளே நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று வெயில் பட்டு வெடிக்கும். காயெல்லாம் பறித்து முடித்து, அடுத்த பூ வருவதற்கு முன்னால், நடுவில் ஒரு சோம்பலான காலம் மரத்துக்கு உண்டு. அப்போது வெட்டினால் அது கோபித்துக்கொள்ளாது. நம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஆடி மாதம் கோயில் கோயிலாகக் கேட்டவர்களுக்கெல்லாம் காயைக் கொடுத்து முடித்து, ஆயுத பூஜைக்கு வேண்டியதைத் தாழ்ந்த கிளையில் விட்டுவைத்து, ஆவணியில் மழை இல்லாத ஒரு நாள் காலையில் ஏறுவேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வெட்டுக்காயம் உலர்ந்திருக்கும். ஆனால் அது நெய்வேலிக் கணக்கு. நீ இருக்கும் வடோதராவில் மழையே வேறு மாதிரி. இப்போதுதான் அங்கே கொட்டுகிறது என்று டிவியில் காட்டுகிறார்கள். ஆகவே இப்போது வெட்டாதே. மழை விடட்டும், இருக்கிற காய் இறங்கட்டும், உன் ஊரில் குளிர் ஆரம்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேலே இருப்பதெல்லாம் நேற்று எழுதியது. எழுதிவிட்டுத் திருப்தியாக இருந்தேன். பிள்ளை ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டான், அப்பன் பதில் எழுதுகிறான், இனி மெல்ல மெல்ல எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் புவனா கூப்பிட்டாள்.

அவளாகக் கூப்பிட்டது நான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை. உன் அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, "மாமாகிட்ட குடுங்க அத்த" என்றாளாம். எடுத்தவுடனே, "மாமா, உங்க புள்ள எலுமிச்ச மரத்த எப்படி வெட்டணும்னு கேட்டாரா?" என்றாள். ஆமாம்மா, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அவரு கவாத்து பண்ண கேக்கல மாமா. வேரோட எடுக்கப் போறாரு. ஆளெல்லாம் சொல்லியாச்சு. நான்தான் சண்ட போட்டேன். மாமாவ ஒரு வார்த்த கேளுங்க, அவரு வெட்டச் சொன்னா வெட்டுங்க, அதுவரைக்கும் யாரும் மரத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதான் உங்களுக்கு அனுப்பியிருக்காரு. அதுலயும் முழுசா கேக்கல பாருங்க" என்றாள். அப்புறம் சொன்னாள்: "நான் அவர ஒரு சொல்லு சொல்லல மாமா. டாக்டரம்மா கூட, இது யாராலயும் இல்ல, சில சமயம் இப்படி ஆவும்னுதான் சொன்னாங்க. இவருதான் பின்பக்கக் கதவத் தொறக்கறதே இல்ல. நான் காலைல காப்பிய எடுத்துக்கிட்டு அந்த மரத்துகிட்டதாங்க உக்கார்றேன். அதையும் எடுத்துட்டா இந்த ஊர்ல நான் யாரோட உக்கார்றது?"

உன் பெண்டாட்டி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தால் இப்போது படித்துக்கொள்.

நடந்ததை நாம் இதுவரை ஒருமுறையும் வாய்விட்டுப் பேசவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அந்த வீட்டை வாங்கினாய். பின்னால் ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது என்று வீட்டை விட மரத்தைத்தான் அதிகம் படம் எடுத்து அனுப்பினாய். தையில் புவனா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. பங்குனியில், பக்கத்து வீட்டுக்காரர் முள் கிளை சுவருக்கு மேலே வருகிறது என்று குறை சொன்னார் என்று நீ மரத்தை வெட்டினாய். வெட்டிவிட்டுப் படமும் அனுப்பினாய். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கிராப்பு அடித்த மாதிரி மேலே சமமாக வெட்டியிருந்தாய். நானும் உன் அம்மாவும் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். சித்திரையில் அந்தக் குழந்தை நமக்கு இல்லை என்று ஆகிவிட்டது. ஐந்து மாதம். மூன்றாம் நாள் நீ போன் செய்தபோது காடாம்புலியூரிலிருந்து என் அக்கா, உன் அத்தை, வந்து உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே போனை வாங்கினாள். "ஏம்பா சரவணா, அவ முழுவாம இருக்கசொல்ல மரம் கிரம் ஏதாச்சும் வெட்டுனியாப்பா?" என்றாள். நீ, "ஆமா அத்த, எலுமிச்ச மரத்த" என்றாய். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நீ "சரி, வைக்கறேன்" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கு வைத்த போனை நீ இன்னும் சரியாக எடுக்கவில்லை.

பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் காய்க்கிற மரத்தை வெட்டக் கூடாது என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள், கடலில் குளிக்க மாட்டார்கள், பிணம் தூக்க மாட்டார்கள், அதோடு இதுவும் ஒன்று. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளை. நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று நான்கு மாதமாக மனதுக்குள் குடைச்சல். அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரித்தேனே, அப்போதுகூட எனக்கு அது தோன்றவில்லை. அப்படியானால் நானும் சேர்ந்துதான் வெட்டினேனா என்றெல்லாம் புத்தி போகும்.

நேற்று புவனா வைத்தபிறகு நான் உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மரத்தை வேரோடு எடுக்கப் போகிறானாம், தன்னால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துண்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க வெட்டலியா?" என்றாள்.

"நான் எங்க வெட்டினேன்?"

"என் வளகாப்புக்கு வெட்டுனீங்களே. அக்காகூட கால்ல முள்ளு ஏத்திக்கினாங்களே."

சரவணா, நான் பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவளுக்கும் இல்லையாம். நான் விஷயத்தைச் சொன்னபிறகுதான் முள் ஞாபகம் வந்து, முள்ளைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வந்ததாம். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசப் பேச ஒவ்வொன்றாக வந்தது. நீ ஏழாம் மாதம் உன் அம்மா வயிற்றில் இருந்தாய். பங்குனி. குவார்ட்டர்ஸ் வீட்டில் ஹால் எவ்வளவு என்று உனக்கே தெரியும், பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதனால் வளைகாப்பைப் பின்பக்கத் தோட்டத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவு. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து பந்தல்காரர் வந்தார். எலுமிச்சை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இந்தக் கெளைங்க இருந்தா ஷாமியானா கிழிஞ்சி பூடுங்க. வெட்டி வைங்க, நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று ஆட்களோடு போய்விட்டார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறையப் பூவும் பிஞ்சும். மனசு வரவில்லை. அப்போது என் அக்கா, இதே உன் அத்தை, பின்னால் வந்து நின்று, "ஏன்டா மரத்தப் பாத்துகினு நிக்கற? ஏறி வெட்டுடா. விடிஞ்சா ஊரு சனம் வந்துடும்" என்று அதட்டினாள். நான் ஏறினேன். மேலேயிருந்து நான் வெட்டித் தள்ளத் தள்ள அவள்தான் கீழே இழுத்துப் போட்டாள். குதிகாலில் முள் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து ஊக்கால் எடுத்துக்கொண்டு, மரத்தையும் என்னையும் பந்தல்காரரையும் சேர்த்து வைதாள். மறுநாள் உன் அம்மாவுக்கு முதல் வளையலை நொண்டிக்கொண்டே வந்து போட்டது அவள்தான்.

அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? உன் அம்மாவைப் பெற்றவர்கள், என் பக்கத்து ஆட்கள், ப்ளாக்கில் பாதிப் பெண்கள். பல ஊர்ப் பெண்கள். எது கூடும், எது கூடாது என்று ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தவர்கள். மொட்டையாக நின்ற மரத்துக்கடியில் உட்கார்ந்து புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்திகூட வாயைத் திறந்து கேட்கவில்லை. வைகாசி கடைசியில் நீ பிறந்தாய். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா உன்னை என் கையில் கொடுக்கும்போது, "கனமா இருக்கான், கெட்டியா புடிங்க" என்றார். நீ நல்லபடியாகப் பிறந்ததால் யாரும் பின்னால் திரும்பி என்ன செய்தோம் என்று தேடவில்லை. அப்படித் தேடியிருந்தால், மரம் வெட்டியும் ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். கெட்டது நடந்தால்தான் நாம் தேட ஆரம்பிக்கிறோம். தேடினால் ஏதோ ஒன்று கிடைக்காமலா போகும்? மரம் வெட்டவில்லை என்றால் முடி வெட்டினாயா என்று கேட்டிருப்பார்கள்.

தப்பான நேரத்தில் வெட்டியதற்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மரம் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பூவெல்லாம் வெட்டோடு போனது, அந்தக் கோடையில் வீட்டுக்கே காய் இல்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் செக்ஷனுக்கு எப்போதும் நம் வீட்டு எலுமிச்சம்பழம்தான் போகும், அத்தனை பெரிய இயந்திரத்துக்கும் பொட்டு வைத்து, கீழே பழத்தை வைத்து நசுக்குவார்கள். அந்த வருஷம் மெயின் பஜாரில் வாங்கிக்கொண்டு போனேன். "என்னய்யா, மரத்துல இருந்த காயெல்லாம் உம் புள்ளைக்கே சுத்திப் போட்டுட்டியா?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். மரத்துக்கு நான் செய்த கெடுதல் மரத்தோடு போயிற்று. உன்னை ஒன்றும் செய்யவில்லை. உன் மரத்துக்கு நீ செய்ததும் அப்படித்தான். இந்த வருஷம் காய் குறைவாக இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இன்று காலையில் அக்காவைப் பார்க்க டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் போனேன். முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே, "அக்கா, உன் கால்ல எலுமிச்ச முள்ளு ஏறுச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன். "அது எப்ப ஏறுச்சி?" என்றாள். "சரவணன் வயித்துல இருக்கசொல்ல. வளகாப்புக்கு நான் மரம் வெட்டசொல்ல." அவள் என்னையே பார்த்தாள். முதலில் "போடா, அப்படியெல்லாம் இல்ல" என்றாள். பிறகு குனிந்து குதிகாலைத் தடவினாள். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானேடா ஏறி வெட்டுன்னு சொன்னேன்" என்றாள். "அந்தப் புள்ளயப் போயி கேட்டுட்டேனேடா. அவனே நொந்துகினு இருக்கசொல்ல கேட்டுட்டேனே." அவள் அழுகையை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. எழுபதைத் தாண்டியவள். அவளுக்கும் குழந்தை போன துக்கம்தான், துக்கத்தில் வாய் எதையோ பிடித்துக்கொண்டது. போனைப் போட்டுத் தருகிறேன், அவனிடம் சொல் என்றால், "போன்ல சொன்னா ஆவாது, அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும்" என்கிறாள். அவள்மேல் கோபம் வைத்துக்கொள்ளாதே. உன்னைத் தூக்கி வளர்த்த கை.

திரும்பும் வழியில் டவுன்ஷிப்புக்குள் வண்டியை விட்டேன். ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடக்குத்துக்கு வந்தபிறகு அந்தத் தெருப்பக்கம் நான் அதிகம் போவதில்லை. போனால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது அங்கே இருப்பது ஒரு சின்னக் குடும்பம், தெர்மல் பவர் ஸ்டேஷனில் வேலை. நான் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். முன்னால் இங்கே இருந்தவன், மரத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். "உள்ள வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டாள். வளைகாப்புக்கு நான் வெட்டிய இடம் இன்னும் தெரிகிறதா, தெரிந்தால் படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்றுதான் போனேன். கிளை கிளையாகத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன், எது எந்த வருஷத்து வெட்டு என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. மரத்துக்கு வயசாகிவிட்டது, ஒரு பக்கம் காய்ந்திருக்கிறது, இன்னொரு பக்கம் காய் தொங்குகிறது. நீ கிரிக்கெட் பந்தை அடித்து உடைத்த ஜன்னலுக்கு அப்போது மாற்றிய கண்ணாடி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் ஒரு பை நிறையப் பழம் பறித்துக் கொடுத்தாள். நம் மரத்துப் பழத்தை யாரோ கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் வந்து, ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். நீ பள்ளிக்கூடம் விட்டு அந்தத் தெருவில் சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வருவாய். அதைப் பார்க்க வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது.

சரி, எப்படி வெட்டுவது என்று கேட்டாய். நீ அதற்காகக் கேட்காவிட்டாலும் நான் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். மழை விட்டபிறகு, வெயில் உள்ள ஒரு காலையில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். கையில் தடித்த உறை போட்டுக்கொள், எலுமிச்சை முள் குத்தினால் இரண்டு நாள் கடுக்கும். கத்தரியையும் ரம்பத்தையும் டெட்டால் விட்டுத் துடைத்துவிடு. முதலில் காய்ந்த குச்சியை மட்டும் எடு, அதை எடுப்பதற்குள்ளேயே மரம் பாதி தெளிந்துவிடும். பிறகு போத்தைப் பார். நடுவிலிருந்து நேராக மேலே போகும், தடித்துப் பச்சையாக இருக்கும், முள் நீளமாக இருக்கும், ஒரு காய் காய்க்காது. சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வரும் ஆள் மாதிரி. அதை அடியோடு எடுத்துவிடு, தரையோரம் முளைப்பதையும் எடு. அப்புறம் ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் எது மெலிந்ததோ அது போகட்டும். அவ்வளவுதான். பங்குனியில் செய்த மாதிரி நுனியையெல்லாம் சமமாக வெட்டாதே, எலுமிச்சை புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும், நீ வெட்டியது அடுத்த காயைத்தான். உள்ளே கொஞ்சம் வெளிச்சம் விழுந்தால் போதும். கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது.

பெரிய கிளையை வெட்ட வேண்டியிருந்தால் மேலேயிருந்து நேராக அறுக்காதே. பாரம் தாங்காமல் பாதியில் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு கீழே வரும். முதலில் அடியில் கொஞ்சம் அறு, பிறகு சற்றுத் தள்ளி மேலேயிருந்து அறு. மீதி நிற்கும் கட்டையை எடுக்கும்போது தண்டை ஒட்டிச் சிரைக்கவும் வேண்டாம், முளை மாதிரி நீட்டி விடவும் வேண்டாம். கிளை தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும், அதற்கு வெளியே, தண்ணீர் நிற்காதபடி சாய்வாக வெட்டு. வெட்டிய இடத்தில் உரக்கடையில் கிடைக்கும் போர்டோ பசையைத் தடவிவிடு. தண்டுக்குத் தள்ளி, நிழல் விழுகிற வட்டத்தில் மக்கிய எருவைப் போட்டுத் தண்ணீர் விடு. இன்னொன்று: மரத்தில் ஏறி நிற்பவனுக்கு மரம் எப்படி இருக்கிறது என்று தெரியாது. கிளைக்குள் இருக்கும்போது எல்லாமே அடர்த்தியாகத்தான் தெரியும், வெட்டிக்கொண்டே போகச் சொல்லும். கீழே நாலடி தள்ளி ஒருவர் நின்று பார்த்து, இது, அது, போதும் என்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லா வருஷமும் உன் அம்மா சொன்னாள். உனக்குப் புவனா சொல்லட்டும். அவள் வேண்டாம் என்றால் அந்தக் கிளையை விட்டுவிடு, உனக்கு எவ்வளவு இடைஞ்சலாகத் தெரிந்தாலும் சரி.

வெட்டச் சொல்லியிருக்கிற ஆளை வேண்டாம் என்று அனுப்பிவிடு. முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும். பின்பக்கக் கதவைத் திற. காலையில் அவள் காப்பி குடிக்கும்போது உன் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவள் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. உன் அத்தையும் இப்போது சொல்லவில்லை. இனி நீ ஒருவன்தான் பாக்கி.

கடைசியாக ஒன்று. சித்திரையில் நாங்கள் கிளம்பி வருகிறோம் என்றபோது, "இப்ப வேண்டாம்பா" என்றாய். பிள்ளை பெரியவனாகிவிட்டான், அவன் வீட்டுக்கு அவன் கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன். அதை மரியாதை என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ரோஷம். அவள் இரண்டு தடவை பையைக் கட்டினாள், இரண்டு தடவையும் நான்தான் பிரிக்கச் சொன்னேன். இன்று டிக்கெட் எடுத்துவிட்டேன், அக்காவுக்கும் சேர்த்து. சென்னையில் வண்டி மாறி வருகிறோம், விவரத்தை உன் போனுக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று பதில் போடாதே, இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. உனக்குத் தைரியம் சொல்ல நாங்கள் வரவில்லை சரவணா. அது எங்களுக்கும் பேரக்குழந்தை. பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம், உன்னிடம் சொல்லவில்லை. இங்கே விசாரிக்க வருகிறவர்களெல்லாம் உங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், நாங்களும் பரவாயில்லை, தேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். நாங்கள் இன்னும் அழவே இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை அழ வேண்டும். ஸ்டேஷனுக்கு வா.

அப்பா